முன் ஹால் தரையின் கோடுகள்

ஜூன் 3, செவ்வாய்

நான் மூன்று கொத்தனார்களை விரட்டியடித்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. இரண்டு பேரைத்தான் அனுப்பினேன். மூன்றாவது ஆள் வாசலில் செருப்பைக் கழற்றி, முன் ஹாலை எட்டிப் பார்த்து, என்னையும் ஒரு முறை பார்த்து, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வேலையில் சேராத ஒருவரை யாரும் விரட்ட முடியாது.

விரட்டியடித்தல் என்ற சொல்லும் எனக்குப் பொருந்தாது. நான் உரத்துப் பேசுகிறவள் அல்ல. நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, அவர் குடித்து முடித்த பிறகு, "வேலை எனக்குத் திருப்தியா இல்ல, நாளையிலேருந்து வர வேண்டாம்" என்று சொன்னேன். இருவருக்கும் அதே நாற்காலி, அதே காப்பி.

கான்வென்டில் எங்களை ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதப் பழக்கினார்கள். ஆயுள் முழுதும் அப்படித்தான் எழுதி வந்தேன். தரை வேலை ஆரம்பித்த பிறகு தமிழுக்கு மாறியிருக்கிறேன். கோபம் ஆங்கிலத்தில் எனக்கு இவ்வளவு தாராளமாக வருவதில்லை.

விஷயம் இதுதான். தூத்துக்குடி மண்ணின் உப்பு எங்கள் முன் ஹாலின் சிமெண்ட் தரையைக் கீழிருந்து தின்றுவிட்டது. அதைப் பெயர்த்துவிட்டு, மானாமதுரைப் பக்கத்துச் சூளை ஒன்றிலிருந்து கையால் அடித்துச் சுட்ட மண் ஓடுகளை வரவழைத்தேன். கையால் செய்தவை என்பதால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஓரங்கள் சற்றே முன்பின் இருக்கும். ஓர் ஓட்டில் நாய் மிதித்த தடம்கூட இருக்கிறது. அதனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, கோடு மட்டும் நேராக வரும்படி பதிக்க வேண்டும். ஓட்டின் ஓரம் கோணலாக இருக்கலாம். கோடு கோணக் கூடாது.

சந்தியாகு கொத்தனார் பதித்தார். நல்ல பெயர் உள்ளவர். ஆனால் ஹாலின் நடுவில் அவர் கோடுகள் நெளிகின்றன. சுட்டிக்காட்டினேன். "நேராத்தானம்மா இருக்கு" என்றார். அனுப்பினேன். அந்த வரிசைகளை மட்டும் எடுத்து மறுபடி பதிக்க இசக்கி என்ற இன்னொருவரை அழைத்தேன். அவரும் குனிந்து பார்த்து, "நேராத்தான இருக்கு" என்றார். ஒரு கொத்தனார் இன்னொரு கொத்தனாரை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியாதா?

இப்போது ஓடுகள் பதிந்திருக்கின்றன. இடைவெளிகள் வெறுமையாக இருக்கின்றன. அவற்றை அடைக்க கிரவுட் என்கிற கலவையும் வேண்டும், ஆளும் வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

தைனேஸைக் கூட்டிக்கொண்டு டைல்ஸ் கடைக்குப் போனேன். தைனேஸ் என் வீட்டில் சமையலுக்கும் மற்ற வேலைகளுக்கும் வருகிறவள். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம்.

"எப்பாக்சி போடுங்க ஆன்ட்டி" என்றார் கடைக்காரர். "கறையே புடிக்காது. ஆயுசுக்கும் கவலையில்ல."

"யாரோட ஆயுசுக்கு?"

அவர் சற்று யோசித்து, "வீட்டோட ஆயுசுக்கு" என்றார். கெட்டிக்காரர்.

எப்பாக்சி வேண்டாம் என்று விளக்கினேன். மண் ஓட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் பளபளப்பு அசிங்கம். மண் ஓட்டின் மேலே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. எப்பாக்சி அவற்றில் இறங்கிப் பிடித்தால் பிறகு எதனாலும் எடுக்க முடியாது. மெல்லிய மாவு கிரவுட்டும் கூடாது. இவ்வளவு அகலமான இடைவெளியில் அது காய்ந்ததும் வெடிக்கும். மணல் கலந்த சிமெண்ட் கிரவுட்தான் சரி. பெங்களூரிலிருந்து மகன் அனுப்பிய புத்தகத்தில் இதையெல்லாம் போன வருடமே படித்துவிட்டேன்.

நிறத்தில்தான் தகராறு. கோடு கொஞ்சம் கோணல் என்று தைனேஸ் உளறிவிட்டாள். "அப்பன்னா ஓட்டு நிறத்துலயே போட்டுருங்க ஆன்ட்டி, கோணல் வெளிய தெரியாது" என்றார் கடைக்காரர்.

"தெரியட்டும். வெளிறின நிறமே குடுங்க."

நிற அட்டையை நீட்டினார். "இந்த ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு நம்பர்?" என்று கேட்டேன்.

தைனேஸ் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் எங்க பெரியம்மா ஒண்ணு? இது சாம்ப. அது பச்சைல்லா."

அந்தக் கடையில் விளக்குகள் மிக மட்டம். வெளிறின சாம்பல் நிறத்தை வாங்கி வந்தோம்.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது கவனித்தேன். கோபுரத்தின் மேலே சிலுவை இடுப்பில் வளைந்திருக்கிறது. போன வார இடியாக இருக்கலாம். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சொன்னேன். அவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நேராத்தான இருக்கு ஆன்ட்டி."

இவரும் கொத்தனார் கட்சி.

மகன் ரெஜி போன் செய்தான். ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்விகள். சாப்பிட்டீங்களா மம்மி, மாத்திரை போட்டீங்களா மம்மி, விழுந்துகிழுந்து வைக்கலையே மம்மி. போன கிறிஸ்துமஸுக்கு அவன் வந்திருந்தபோது பலகாரம் சுடுகையில் எண்ணெய் சிந்தியது. என் கால்விரலில்தான் பட்டது, அவன் விரலில் அல்ல. ஆனாலும் அன்றைக்கே, "இன்னும் ஒரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துரணும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டான். அவன் குடியிருப்பது பதினோராவது மாடியில். கீழே பார்த்தால் மனிதர்கள் கிடையாது, கார்களின் முதுகுதான்.

அவனிடம் ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஒளிக்க முடியாது. அவன் பள்ளித் தோழன் வில்ஃப்ரெட் இங்கே கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் இருக்கிறான். எனக்குத் தும்மல் வந்தால் பெங்களூரில் கைக்குட்டை எடுப்பார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

நாளிதழின் அச்சு வரவர மோசமாகிறது. வரிகளின் நடுவில் எழுத்துகளே இல்லை. ஆசிரியருக்கு எழுத வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

பங்குச் சாமியார் ஃபாதர் ஜெரோசின் வந்தார். வாசலில் நின்று "ஸ்தோத்திரம் ஆன்ட்டி" என்று சொன்ன பிறகுதான் அவர் என்று தெரிந்தது. அங்கி போடாமல் வந்தால் எல்லா இளைஞர்களும் ஒன்றுபோல்தான் இருக்கிறார்கள்.

கோயில் வளாகத்தில் லூர்து மாதாவுக்குக் குகைபோல் கட்டிய கெபிக்கு முன்னாலுள்ள சிமெண்ட் தரையும் உப்பில் போய்விட்டது. அங்கேயும் இதே மண் ஓடு போடலாம் என்று பேரவையில் பேச்சாம். வேலையைச் சந்தியாகுவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்க வந்திருக்கிறார்.

இதில் வியப்பில்லை. எங்கள் பங்கில் பீடத் துணி வாங்கினாலும், குத்துவிளக்கு வாங்கினாலும், "எமரென்சியா ஆன்ட்டி பாத்தாச்சா?" என்று கேட்காமல் வாங்குவதில்லை. பீடத் துணியின் ஓரத் தையலில் ஒரு தையல் தப்பியிருந்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். சிஸ்டர்கள் அப்படி வளர்த்தார்கள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் ஆன்ட்டி. அவங்க எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

"சாமி, நல்ல மனுஷர்தான். ஆனா கை கோணிப்போச்சு. நீங்களே பாருங்க."

அவர் ஹாலில் நடந்து பார்த்தார். "எனக்கு நேராத் தெரியுது. எனக்கு இதெல்லாம் எங்க ஆன்ட்டி தெரியுது?"

தெரியாததனால்தானே கேட்க வந்தார். கெபிக்கு முன்னால் ஜனங்கள் முழங்கால் போடப்போகிற இடம். அங்கே கோணலாக ஒன்றைப் போட்டுவிட்டால் நாம் எல்லோரும் போன பிறகும் அது அங்கேயே கிடக்கும். நான் சொன்னது கடமை.

ஜூன் 17, செவ்வாய்

ஆள் கிடைக்கவில்லை. தைனேஸும் நானுமே ஓடுகளுக்கு சீலர் பூசினோம். இதைப் பூசாமல் கிரவுட் போட்டால் ஓடு அதை உறிஞ்சி, முகத்தில் சுண்ணாம்பு பூசிக்கொண்ட குழந்தை மாதிரி ஆகிவிடும். எத்தனை கழுவினாலும் போகாது. சந்தியாகு இதெல்லாம் தேவையில்லை என்று சொன்னவர். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் சிறிய முக்காலியில் உட்கார்ந்து தூரிகையால் இழுக்க, தைனேஸ் துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இந்த வயசுல ஒங்களுக்கு என்ன தலையெழுத்து பெரியம்மா. மொசைக் போட்டுட்டு டிவி பாக்கலாம்லா."

"வாயை மூடிட்டுத் தொடை."

"வாய மூடிட்டா கை எப்படி ஓடும்?"

நடுவில் சீலர் டப்பா சாய்ந்தது. நான் கையை நீட்டிய இடத்தில் அது இல்லை. தைனேஸ்தான் நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்தவில்லை என்கிறாள்.

சாயங்காலம் ஓட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். இறங்காமல் முத்தாக நின்றது. நல்ல பூச்சு.

ஜூன் 20, வெள்ளி

காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். புதுக் கோப்பைகளின் விளிம்பு சரியில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பூசையிலிருந்து வந்து முக்காட்டை மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் சந்தியாகு. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. கையில் நூல்கண்டு, ஒரு சுத்தியல், இரண்டு ஆணி.

"உள்ள வரலாமா, இல்ல வாசல்லயே காப்பி குடுத்து அனுப்பிருவீங்களா?"

"உள்ள வாங்க."

வந்தார். உட்காரவில்லை.

"கெபி வேல கையவிட்டுப் போகுது. பேரவையில வேற ஆளத் தேடுதாங்க. அடுத்த கூட்டத்துல முடிச்சிருவாங்களாம். நீங்க சாமிகிட்ட சொன்னது ஊரு பூரா தெரியும். எம் மருமவன், எங்கிட்ட வேல படிச்ச பய, கேக்கான்: மாமா, கண் டாக்டரப் போய்ப் பாத்துட்டு வருவமான்னு. கெபி வேல வேற ஆளுக்குப் போனா மத்தவனும் அதத்தான் கேப்பான். இனி எவன் வீட்டுல எனக்குத் தரை குடுப்பான்?"

மடித்த முக்காட்டைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

"நூல் போடுதேன். நீங்களே பாருங்க. கோணல்னு நூல் சொல்லிச்சுன்னா, இந்தத் தரையப் பூரா பேத்து நான் திருப்பிப் போட்டுத் தாரேன்."

"போடுங்க" என்றேன்.

ஹாலின் இந்தக் கோடியில் இடைவெளிக்குள் ஓர் ஆணி, அந்தக் கோடியில் ஓர் ஆணி. இரண்டுக்கும் நடுவே நூலை இழுத்துக் கட்டினார். விரலால் ஒரு சுண்டு சுண்டினார். தந்தி போல் சத்தம் வந்தது.

"இப்பச் சொல்லுங்க."

குனிந்து பார்த்தேன். நூல் நடுவில் வளைந்திருந்தது. யாரோ அதில் ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டது போல.

"இன்னும் இறுக்குங்க."

"இதுக்கு மேல இறுக்குனா அந்துரும்மா."

"இறுக்குங்க."

இறுக்கினார். வளைவு போகவில்லை. நான் ஓரடி இடது பக்கம் நகர்ந்து பார்த்தேன். வளைவும் என்னோடு நகர்ந்து வந்தது.

"எங்கம்மா பாக்கீங்க? நூல் இந்தா இங்கல்லா இருக்கு."

முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். கண்ணை எடுத்துச் சுவரில் வைத்துக்கொண்டு, விரலை நூலின் மேல் வைத்து ஓர் ஆணியிலிருந்து மற்ற ஆணி வரை போனேன். பிறகு நூலுக்கு அடியில் ஓடுகளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தேன்.

இழுத்துக் கட்டிய நூல் வளையாது. கான்வென்டில் வடிவியல் நடத்திய சிஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதுதான். யாருடைய வயதுக்கும், யாருடைய பெயருக்கும் அது வளைந்து கொடுக்காது.

"போயிட்டு வாங்க. நான் சொல்லி அனுப்புறேன்."

"என்னத்தச் சொல்லி அனுப்புவீங்க? இப்பவே சொல்லுங்களேன்."

அவர் ஆணிகளைப் பிடுங்கினார். நூலைச் சுற்றிக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார். காப்பி கொடுக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

வலது கண்ணைப் பொத்திக்கொண்டால் தரை சற்று மங்கலாக, ஆனால் நேராக இருக்கிறது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டால் கொடியில் காயும் துணி மாதிரி ஆடுகிறது. மாடிக்குப் போய்க் கோபுரச் சிலுவையையும் அப்படியே பார்த்தேன். சிலுவைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"என்ன பெரியம்மா, கண்ண மாத்தி மாத்திப் பொத்துதீங்க?" என்றாள் தைனேஸ்.

"வெயில்."

வானம் மூடியிருந்தது.

ஜூன் 27, வெள்ளி

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். தெருவில் கேட்டவர்களிடம் கல்யாண வீடு என்று சொன்னேன். தைனேஸ் அதற்குப் பொருத்தமாகத் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது என் முழங்கையைப் பிடித்தாள். வழக்கமாக நான் அதை அனுமதிப்பதில்லை.

டாக்டர் பெண். என் பேத்தி வயது இருக்கும். கட்டம் போட்ட ஒரு அட்டையைக் காட்டி, நடுவில் உள்ள புள்ளியைப் பார்க்கச் சொன்னார். "கோடுங்க எல்லாம் நேரா இருக்காம்மா?"

"இதே தரை என் வீட்ல இருக்கு டாக்டர். ஒரு மாசமா பாத்துட்டிருக்கேன்."

அவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது. வலது கண்ணில் அதிகம். இடது கண்ணில் ஆரம்பம். நேர்கோடு வளைந்து தெரியும், நடுவில் உள்ளது மறையும், நிறம் மங்கும். கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், ஒரு தடவையோடு முடியாது. இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி சொன்னேன்.

"எப்பலேருந்தும்மா இப்படி?"

"மே மாசத்துலேருந்து" என்றேன். கிறிஸ்துமஸ் எண்ணெயைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"வீட்ல கூட யாரு இருக்கா?"

"வீடு இருக்கு" என்றேன். தைனேஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 30, திங்கள்

இன்று ஃபாதர் ஜெரோசினுக்குப் போன் செய்தேன். வார்த்தைகளை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன்.

"சாமி, சந்தியாகு விஷயத்துல கொஞ்சம் அதிகமாச் சொல்லிட்டேன். தரை பரவாயில்ல. கெபி வேலையை அவருக்கே குடுக்கலாம்."

"அவர் வந்து உங்ககிட்ட அழுதாரா ஆன்ட்டி?" என்றார்.

"இல்ல. நூல் போட்டுக் காட்டினார்."

"உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். அவர் பொழப்பு போகுதேன்னு இரக்கப்பட்டுச் சொல்லுதீங்க. ஆனா நீங்களே 'பரவாயில்ல'ன்னு சொல்லுத வேலைய மாதா முன்னால எப்படிப் போட முடியும்? நீங்க ஒண்ண பரவாயில்லன்னு சொல்லி நான் கேட்டதேயில்ல. அப்ப எவ்வளவு மோசமா இருக்கும்."

மறுபடி சொன்னேன். மறுபடி என் இரக்கத்தைப் பாராட்டினார். "இதப் பேரவையிலயும் சொல்லுதேன். ஆன்ட்டியோட பெரிய மனச எல்லாரும் தெரிஞ்சிக்கிடட்டும்."

போனை வைத்தேன். என் ஒரு சொல்லுக்கு இந்த ஊரில் இவ்வளவு பலம் சேர்த்து வைத்திருக்கிறேன். அதைக் கொஞ்சமாகத் திரும்ப எடுக்க வழி வைக்கவில்லை. முழுதாக எடுத்தால்தான் உண்டு. முழுதாக எடுத்தால், வில்ஃப்ரெட் பேரவைக் கூட்டத்திலிருந்து வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் பெங்களூருக்குச் செய்தி போய்விடும்.

ஜூலை 1, செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 3, வியாழன்

சந்தியாகுவுக்கு ஆள் அனுப்பினேன். கிரவுட் போட வரச் சொல்லவில்லை, பேச வரச் சொன்னேன். அவர் கரண்டியோடும் ரப்பர் பலகையோடும் வந்தார்.

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். காப்பியைப் பார்த்ததும், "இதக் குடிச்சா மறுபடி அனுப்பிருவீங்க" என்று தொடாமல் வைத்தார்.

"உங்க கோடு நேரா இருக்கு. என் கண்ணுலதான் கோளாறு. டாக்டர் பாத்துச் சொல்லிட்டாங்க. நான் உங்களைப் பத்திச் சொன்னது தப்பு. மன்னிக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் காதுப் பக்கமாகப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால்தான் இப்போது முகம் தெரிகிறது. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்தது. அதோடு வேறு ஏதோவும் இருந்தது.

"அப்ப அந்த இசக்கிப் பயலையும் சும்மாதான் அனுப்புனீங்களா?"

"அவருக்கும் சொல்லி அனுப்பியிருக்கேன்."

"அவன் அன்னைக்கே எங்கிட்ட சொன்னான், அந்தம்மா கண்ணாடிய மாத்தணும்னு. நான்தான், போலே, அந்தம்மாவுக்குக் கழுகுக் கண்ணுல்லா, எங்கையோ நான்தான் விட்டுட்டேன்னு சொன்னேன். ஒரு வாரம் தூக்கமில்லம்மா. எங்க விட்டேன், எங்க விட்டேன்னு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"சரி, எங்கிட்ட சொல்லியாச்சு" என்றார். "எங்கிட்ட சொல்லி என்னம்மா செய்ய? நான் போய்ச் சொன்னா, சந்தியாகு தன் கோணலுக்குக் கெழவி கண்ணக் குத்தம் சொல்லுதான்னு சிரிப்பாங்க. நீங்கதான் சொல்லணும்."

"தெரியும்."

"எப்பச் சொல்லுவீங்க?"

"முதல்ல என் மகன்கிட்ட சொல்லணும்."

அவர் காப்பியை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. "கிரவுட் எங்க இருக்கு?" என்றார்.

பையைப் பிரித்து நிறத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வெளிறினதா வாங்கிருக்கீங்க. நல்லது. ஒவ்வொரு கோடும் பளிச்சுன்னு தெரியும்."

அவர் கோணலை ஊருக்குக் காட்டத்தான் அதை வாங்கினேன் என்று நான் சொல்லவில்லை. தைனேஸ் சொல்லிவிட்டாள்.

பிறகு வேலை. போர்வெல் குழாயைத் திறந்து வாளியை வைத்தார். நிறுத்தினேன்.

"உப்புத் தண்ணி வேண்டாம். காஞ்சதும் கோடு பூரா வெள்ளையாப் பூக்கும். குடிக்கிற தண்ணி எடுங்க."

"ஒரு வாளி கிரவுட்டுக்குத் தாமிரபரணியா?"

"ஆமா."

ஓடுகளைப் பிழிந்த துணியால் லேசாக ஈரப்படுத்தினோம். சீலர் படாத ஓரங்கள் காய்ந்திருந்தால் கிரவுட்டின் தண்ணீரைக் குடித்துவிடும். கலவையை அவர் இட்லி மாவுப் பதத்தில் கரைக்கப் பார்த்தார். நான் கொழுக்கட்டை மாவுப் பதம் என்றேன். இரண்டுக்கும் நடுவில் முடிந்தது. ரப்பர் பலகையைச் சாய்த்துப் பிடித்துக் கோடுகளுக்குக் குறுக்காக அழுத்தி இழுத்தார். அதில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. துடைக்கும்போதுதான் மறுபடி சண்டை. ஸ்பான்ஜைத் தண்ணீரோடு தூக்கினார்.

"பிழிங்க. தண்ணி ஊத்தினா நிறம் கழுவிட்டுப் போயிரும்."

"நீங்க கொத்தனாரா, நான் கொத்தனாரா?"

"நீங்கதான் கொத்தனார். நான் இதுல நடக்கப்போறவ."

பிழிந்தார். அவர் பின்னாலேயே முக்காலியை நகர்த்திக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவிக்கொண்டே போனேன். ஜன்னலுக்குக் கீழே ஓரிடத்தில் விரல் இறங்கியது. அடியில் காற்று.

"இங்க பொக்கை."

வந்து கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே போயிற்று. கரண்டி நுனியால் அடைத்தார். அதன் பிறகு தைனேஸிடம், "இந்தம்மாவுக்குக் கண்ணு போனா என்ன, விரல்ல வேற நாலு கண்ணு வச்சிருக்காங்க" என்று சொன்னதைக் கேட்டேன். என் காதில் ஒரு கோளாறும் இல்லை.

ஈரச் சாக்கை விரித்து மூடியிருக்கிறோம். மெதுவாகக் காய வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் யாரும் நடக்கக் கூடாது.

ஜூலை 5, சனி

ரெஜி கூப்பிடும் ஞாயிறுக்குக் காத்திருக்கவில்லை. நானே கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணெயையும் சேர்த்து.

"ஏன் மம்மி இத்தனை நாள் சொல்லல?"

"எனக்கே நான் சொல்லிக்கல."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சின்ன வயதில் அதற்காக அவனை எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். இன்று திருத்தவில்லை.

"அடுத்த சனிக்கிழமை வர்றேன். ஊசிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். அப்புறம் வீட்டைப் பத்திப் பேசலாம்."

"வா. பேசலாம்."

பேசலாம் என்று அவன் சொன்னால் மனத்துக்குள் முடிவெடுத்தாயிற்று என்று பொருள். அவன் அப்பாவும் அப்படித்தான். ஆனால் அவரும் சில சமயம் என்னிடம் தோற்றிருக்கிறார்.

வில்ஃப்ரெட்டுக்கு இனி என்னைப் பற்றிப் பெங்களூருக்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. அந்த வகையில் நிம்மதி.

ஜூலை 6, ஞாயிறு

சாக்கை எடுத்துப் பார்த்தோம். வெடிப்பு இல்லை, உப்புப் பூக்கவில்லை. தைனேஸ் செருப்பில்லாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "குளுகுளுன்னு இருக்கு பெரியம்மா" என்றாள். கோடுகள் எப்படி என்று கேட்டேன். "மூக்குக்கு நேரா வகிடு எடுத்த மாதிரி" என்றாள். அவள் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

பேரவை நாளை கூடுகிறது. கோடு போட்ட தாளில் எழுதினால் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. அதனால் வரிக்கு வரி அட்டை வைத்து எழுதினேன். தைனேஸ் சாமியாரின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அதன் பிரதி கீழே.

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பேரவை உறுப்பினர்களுக்கும்,

சந்தியாகு கொத்தனார் என் வீட்டில் பதித்த தரையின் கோடுகள் கோணல் என்று நான் பங்குத்தந்தையிடம் சொன்னேன். அது உண்மையல்ல. கோடுகள் நேராக இருக்கின்றன. எனக்கு விழித்திரையில் நோய் இருக்கிறது. அதனால் நேரானவை வளைந்து தெரிகின்றன. திருநெல்வேலியில் டாக்டர் சோதித்துச் சொல்லியிருக்கிறார். அவருடைய சீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதை நான் இரக்கத்தால் எழுதவில்லை. அப்படிப் பேரவையில் யாராவது சொன்னால் அவர்கள் தயவுசெய்து என் வீட்டுக்கு வந்து, தங்கள் கையால் நூல் போட்டுப் பார்க்க வேண்டும். கிரவுட் போட்டு முடித்தாகிவிட்டது, கதவு திறந்தே இருக்கும். இசக்கி என்ற கொத்தனாரும் தரை நேராக இருப்பதாகத்தான் சொன்னார். அவரையும் நான் நம்பவில்லை.

பீடத் துணி, விளக்கு போன்றவற்றைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை இனி வேறு ஒருவருக்குக் கொடுங்கள். தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டியவை இருந்தால் அனுப்பலாம்.

சந்தியாகுவுக்குக் கெபி வேலை கிடைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். என் வாய்ச்சொல்லால் அவருக்குப் போன பெயரை வாய்ச்சொல்லால் திருப்பித் தர முயன்றேன், முடியவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் முழுதாக வாசியுங்கள். உங்கள் முடிவையும் அதற்கான காரணத்தையும் எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், பெரிய எழுத்தில், கறுப்பு மையில் எழுதினால் நானே வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
எமரென்சியா வாஸ்